மணி அடித்தால் மேசைக்கு அடியில்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். வகுப்பில் 42 பிள்ளைகள். ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன், மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறான். பயிற்சிக் காலத்தில் இதற்கென்று ஒரே ஒரு பாடம்தான் படித்தேன். சில நாள் எரிச்சல் வருகிறது. "எனக்கு அந்த மனசு போதாது, சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள்" என்று அவன் ஆயாவிடம் (பாட்டியிடம்) சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லாதீர்கள் அம்மா. மனசு போதாதவர் இப்படி உட்கார்ந்து கடிதம் எழுத மாட்டார்.

2001இல் நம் அரசு கொண்டுவந்த கல்வி வெள்ளை அறிக்கை 6, பிள்ளைக்கு ஏற்பப் பள்ளி மாற வேண்டும் என்றது. இருபது ஆண்டுத் திட்டம். அந்த இருபதும் போய்விட்டது. உங்கள் வகுப்பில் இன்னும் 42 பேர், கையில் ஒரு பாடம். எரிச்சலில் பாதியை அந்தக் கணக்கில் எழுதுங்கள்.

விழுமியம் பற்றிய சொற்பொழிவுகளை நானும் பயிற்சிக் கல்லூரியில் கேட்டேன். மணி அடிக்கும்போது என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால், மணிப் படம் வரைந்த ஓர் அட்டையை அவன் மேசையில் வையுங்கள். என்னைக் கேட்டால் விழுமியம் அந்த அட்டைதான்.

என் வகுப்பில் ஒரு சிறுமி பலகையைப் பார்த்து எழுதவே மாட்டாள். சோம்பேறி என்று முடிவு கட்டியிருந்தேன். ஒரு நாள் தற்செயலாக அவள் இடத்தில் உட்கார்ந்தேன். சன்னல் வெயில் பட்டுப் பலகை பளபளத்தது. ஓர் எழுத்தும் தெரியவில்லை. ஒரு பருவம் முழுக்க அவளைத் திட்டியிருந்தேன். நாளை மணி அடிக்கும் நேரத்தில் நீங்கள் அவன் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

சிறப்புப் பள்ளி வேண்டுமா என்பதை நீங்களும் ஆயாவும் பள்ளி வாசலில் முடிவு செய்ய முடியாது. பிள்ளைக்கு என்ன ஆதரவு தேவை என்று கண்டறிவதற்கான 2014ஆம் ஆண்டுக் கொள்கைப்படி முதல் படிவத்தை வகுப்பாசிரியர் நிரப்ப வேண்டும். அடுத்தது பள்ளியின் ஆதரவுக் குழு, பிறகுதான் மாவட்டக் குழு. உங்கள் படிவத்தில் "அடங்காதவன்" என்று எழுதாதீர்கள். என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள், அவனுக்கு எது நன்றாக வருகிறது என்று எழுதுங்கள். அட்டை வைத்த நாட்களின் தேதியையும் குறியுங்கள்.

ஆயாவிடம் பேசத்தான் வேண்டும், கேள்வி மட்டும் வேறு. காவடித் திருவிழாவில் மேளம் அடிக்கும்போது அவனை எப்படிச் சமாளிக்கிறார் என்று கேளுங்கள்.