மே மாத மாலை விமானம்: இடிமழைக்குப் பயந்து டிக்கெட்டை ரத்து செய்யலாமா?

கோத்தகிரி வாசகி ஒருவரின் கேள்வி: "மே மூன்றாம் வாரத்தில் என் மகள் கோவையிலிருந்து மாலை 5 மணி விமானத்தில் பெங்களூரு போய், இரவே வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் துபாய் போகிறாள். அன்று இடி மின்னல் என்று கைப்பேசி இப்போதே காட்டுகிறது. உடனே ரத்து செய்யச் சொல்கிறார் முகவர். செய்யலாமா?"

வேண்டாம் அம்மா. ஓர் இடிமேகத்தின் ஆயுளே பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான்; அதைப் பத்து நாள் முன்பே எந்தச் செயலியாலும் சொல்ல முடியாது. காலை வெயிலில் மலைச்சரிவு சூடேறி, ஈரக்காற்று மேலெழும்பி, பிற்பகலில்தான் மேகம் திரளும். கொடநாட்டில் கொட்டும்போது குன்னூரில் தூறல்கூட இருக்காது. "ஓரிரு இடங்களில்" என்று மாவட்டத்துக்கே ஒரு வரி எழுதினால் பயணி என்ன செய்வார்? வானிலை மையம் 3 மணி நேரத்துக்கான முன்னறிவிப்பும் தருகிறது. பயணிக்குப் பயன்படுவது அதுதான். அது ஏன் இன்னும் எல்லாருடைய கைக்கும் போய்ச் சேரவில்லை?

மின்னலைத் தாங்கும்படிதான் விமானம் கட்டப்படுகிறது. ஆபத்து, மேகத்திலிருந்து தரையை நோக்கிப் பாயும் காற்று. 1985இல் அமெரிக்காவின் டல்லஸில் தரையிறங்க வந்த விமானத்தை அதுதான் வீழ்த்தியது. அதனால்தான் விமானி காத்திருக்கிறார், அல்லது வேறு ஊருக்குத் திருப்புகிறார். தாமதம் அவர் காட்டும் அக்கறை.

உங்கள் சிக்கல் வானத்தில் இல்லை, டிக்கெட்டில் இருக்கிறது. விலை குறைவு என்று இரண்டு தனி டிக்கெட்டுகளைத் தலையில் கட்டும் முகவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கோவை விமானம் தாமதமானால் துபாய் டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இப்போது நீங்களாக ரத்து செய்தால் ரத்துக் கட்டணம் போகும். நிறுவனமே ரத்து செய்தால் முழுப் பணமோ மாற்று விமானமோ உங்கள் உரிமை. வானிலைக்காக நஷ்டஈடு மட்டும் கிடைக்காது.

முடிந்தால் முதல் பயணத்தைக் காலை விமானத்துக்கு மாற்றுங்கள். முந்தைய நாள் மதியத்துக்குள் மலையிறங்கிக் கோவையில் தங்கிவிடுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு: வங்கக் கடலிலோ அரபிக் கடலிலோ தாழ்வு மண்டலம் உருவாகியிருந்தால் இந்தக் காலைக் கணக்கு செல்லாது. அப்போது மழை வெயிலுக்காகக் காத்திருக்காது; விடியற்காலையிலும் பெய்யும், நாள் முழுவதும் பெய்யும். நல்லவேளையாக, அதை மட்டும் சில நாள் முன்பே நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. ஆகவே பயணத்துக்கு நான்கு நாள் முன்பிருந்து கடல் பற்றிய அறிவிப்பைக் கவனியுங்கள்.

மாலை விமானத்தை மாற்ற முடியாதென்றால், இரண்டு பயணத்தையும் ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு) எண்ணில் போட்டுத் தரும்படி முகவரிடம் இன்றே கேளுங்கள்.