பிடித்துப் போன நாய் திரும்பி வருவது ஏன்?

வாசகர் கேள்விகளுக்கு மாநகராட்சி கால்நடை மருத்துவர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் தெருவில் ஏழெட்டு நாய்கள். ராத்திரியில் டூவீலரில் வருகிற யாரையும் விடுவதில்லை. மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குப் போன் செய்தோம், வண்டி வந்து பிடித்துப் போனது. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் அதே நாய்களை அதே முனையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். வரி கட்டுகிறவர்களை ஏமாற்றுவது இல்லையா இது? – வாசகி, மடிப்பாக்கம்

பதில்: உங்கள் கோபம் புரிகிறது அம்மா. ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் பிள்ளைக்காக வாசலில் காத்து நிற்பவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். ஆனால் அந்த நாய்களை அங்கேயே கொண்டுவந்து விட்டவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள்.

நாயைப் பிடித்ததும் முதலில் எழுதுவது இடத்தைத்தான். எந்தத் தெரு, எந்த முனை, என்ன நிறம், ஆணா பெண்ணா என்று குறித்துக்கொண்டு கழுத்தில் நம்பர் போட்ட பட்டை மாட்டுவோம். கருத்தடை மையத்துக்கு வந்ததும் பரிசோதனை. பிறகு வெறும் வயிற்றோடு வைத்திருந்து கருத்தடை ஆபரேஷன், வெறிநோய்த் தடுப்பூசி. மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியில் ஒரு சின்ன வெட்டு. நாளைக்கு யாராவது அதே நாயைத் திரும்பப் பிடித்துவிடாமல் இருக்க அந்த வெட்டுதான் அடையாளம். தையல் ஆறும்வரை வைத்திருந்து, நோட்டில் எழுதிய அதே முனையில் கொண்டுபோய் விடுவோம். 2001-ல் வந்த மத்திய அரசு விதியும் இதைத்தான் சொன்னது, அதற்குப் பதிலாக 2023-ல் வந்த விதியும் இதைத்தான் சொல்கிறது.

ஏன் அதே இடம்? உங்கள் தெருவில் எட்டு நாய் பிழைக்கிறது என்றால், எட்டு நாய்க்குச் சோறும் குப்பையும் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். எட்டையும் தூக்கிவிட்டால் அந்தச் சோறு பக்கத்துத் தெரு நாய்களைக் கூப்பிடும். வருகிறவை ஊசி போடாதவை, ஆபரேஷன் ஆகாதவை, இடத்துக்காகச் சண்டை போடுபவை. ஊசி போட்ட பழைய நாய்கள் இருந்தால் புதிதாக ஒன்றை உள்ளே விடாது. ஒரு பகுதி நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் அங்கே பரவ வழியில்லாமல் போகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த எழுபதை எட்டத்தான் இத்தனை பாடும்.

கொன்று பார்த்த காலமும் உண்டு. சென்னை மாநகராட்சி பல காலம் நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது. நாயும் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை. கருத்தடைதான் வழி என்று ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964-லிருந்தே சொல்லிவந்தது. மாநகராட்சி அதற்கு மாறியது 1996-ல். இடையில் போன முப்பது வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

எல்லா நாயையும் திரும்ப விட்டுவிடுவோம் என்று நினைக்க வேண்டாம். வெறிநோய் வந்தது, வந்திருக்குமோ என்று சந்தேகப்படுவது, காரணமில்லாமல் பாய்ந்து கடிப்பது ஆகியவற்றை விடக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்ததை அங்கே திரும்ப விடக் கூடாது என்று அதே வருஷம் நவம்பரில் இன்னோர் உத்தரவு வந்தது. உங்கள் தெருவில் கடிப்பது எட்டுமா, ஒன்றா என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் பாயும், மற்றவை கூட ஓடிவந்து குரைக்கும். அந்த ஒன்றை அடையாளம் சொல்லிப் புகார் கொடுங்கள். ‘நாய்த் தொல்லை’ என்ற ஒற்றை வரிப் புகாரை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: நாய் பிடிக்கிறவர்களுக்குக் கடிபடாதா? அவர்களுக்குப் பயமே இல்லையா? – வாசகர், ஆரணி

பதில்: பயம் இருக்கிறது ஐயா, அதனால்தான் ஒழுங்காகப் பிடிக்கிறார்கள். வேலையில் இறங்கும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாள், ஏழாம் நாள், பிறகு இருபத்தொன்று அல்லது இருபத்தெட்டாம் நாள். அதன் பிறகும் கடிபட்டால் மறுபடி ஊசி உண்டு.

விடிகாலையில் கிளம்புவோம். வெயில் ஏறினால் நாய்கள் கார் அடியில் புகுந்துகொள்ளும். வண்டிச் சத்தம் அவற்றுக்கு மனப்பாடம். ஒன்று குரல் கொடுத்தால் தெருவே காலி. அதனால் வண்டியை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்துதான் வருவார்கள். கம்பு நுனியில் இரும்பு வளையம், வளையத்தில் வலை. நாயின் மேல் கவிழ்த்ததும் வளையத்தைத் தரையோடு அழுத்திக் கம்பை ஒரு திருகு திருக வேண்டும். அப்போதுதான் வலையின் வாய் மூடும். அந்த ஒரு திருகில் கை தவறினால் கடி நிச்சயம். நன்றாகப் பிடிக்கத் தெரிந்தவர் நாயைக் கத்தக்கூட விடமாட்டார். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில் போகும். கழுத்தைச் சுருக்கி இழுக்கவே மாட்டார்.

அவர்களை நாய்க்கடியைவிட அதிகம் நோகடிப்பது மனிதர்கள்தான். ஒரு வீட்டில் ‘ஏன் இன்னும் பிடிக்கலை’ என்று திட்டு, எதிர் வீட்டில் ‘ஏன் பிடிக்கறே’ என்று திட்டு. இரண்டையும் கேட்டுக்கொண்டு வலையைச் சுருட்டித் தோளில் போட்டபடி அடுத்த தெருவுக்கு நடப்பார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் கொடுங்கள்.

கேள்வி: குட்டி போட்ட நாயை மட்டும் பிடிக்க மறுக்கிறார்களே? – வாசகி, திருப்பத்தூர்

பதில்: பால் கொடுக்கிற தாயைப் பிடிக்கக் கூடாது. குட்டிகள் தானே சாப்பிடத் தொடங்கட்டும், அப்புறம் சொல்லுங்கள், வருவோம். ஆறு மாதம் ஆகாத குட்டிக்கு ஆபரேஷன் கிடையாது.

கேள்வி: என் பேரனை நாய் கீறிவிட்டது. ரத்தம் வரவில்லை. சுண்ணாம்பு தடவினோம். போதுமா? – வாசகர், மன்னார்குடி

பதில்: போதாது. இதைப் படித்த கையோடு கிளம்புங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். இப்போதும் கழுவலாம். பிறகு அரசு மருத்துவமனை, ஊசி இலவசம். ரத்தம் வராத கீறலுக்கும் ஊசி உண்டு. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, உடனே எதிர்ப்புச் சக்தி தரும் ஊசியும் போட வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பதெல்லாம் பழைய கதை. இப்போது கையில்தான், தோலுக்குள் போடுவது என்றால் முதல் நாள், மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாள். வலி போய்விட்டது என்று கடைசி ஊசியை விட்டுவிடாதீர்கள். நோய் வந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. நாய் நன்றாக இருக்கிறதா என்று பத்து நாள் கவனிப்பது நல்லதுதான், ஆனால் அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: வீட்டுக்குள் பாம்பு வந்தால் உங்களைக் கூப்பிடலாமா? – வாசகர், வேளச்சேரி

பதில்: தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், 101. அவர்கள் வரும்வரை பாம்பு மேல் ஒரு கண் இருக்கட்டும், கம்பை எடுக்காதீர்கள்.

கேள்வி: தினமும் ஐந்து நாய்களுக்குச் சோறு வைக்கிறேன். தெருவில் எல்லோருக்கும் நான் விரோதி. நிறுத்திவிடட்டுமா? – வாசகி, தாம்பரம்

பதில்: நிறுத்த வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். வாசல், மாடிப்படி, குழந்தைகள் விளையாடும் இடம் ஆகாது. ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று மேலே சொன்ன உச்ச நீதிமன்றத்தின் ஆகஸ்ட் உத்தரவிலேயே இருக்கிறது. உங்கள் வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். மிச்சத்தை வழித்து எடுத்துவிடுங்கள்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. அந்த ஐந்தில் எதற்குக் காதில் வெட்டு இல்லை என்று பாருங்கள். எங்கள் வண்டி வரும் நாளில் அதற்கு மட்டும் காலைச் சோறு வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். நீங்கள் கூப்பிட்டால் வருகிற நாய்க்கு வலை எதற்கு? கயிற்றை நீங்களே மாட்டிக் கொடுத்துவிடலாம்.