கேம்பர் வேனில் நாயோடு ஒரு வாரம் ஜியோகேஷிங்: பாலக்காடு, மறையூர் எல்லையோரத்துக்கு எப்படித் திட்டமிடுவது?

கேள்வி இதுதான்: கோவையில் கேம்பர் வேன் வாடகைக்கு எடுத்து, 20 கிலோ எடையுள்ள நாயோடு இரண்டு பேர் ஏழு நாள் கேரள எல்லையை ஒட்டிச் சுற்றப் போகிறார்கள். வழியெல்லாம் ஜியோகேஷிங், அதாவது ஜிபிஎஸ் வைத்து ஒளித்த பெட்டிகளைத் தேடும் விளையாட்டு. திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

நாயிலிருந்து தொடங்குங்கள். மேப்பில் பெட்டிகளைக் குறித்து, அவற்றைக் கோர்த்து வழி போட்டுவிட்டு, நாயை என்ன செய்வது என்று கடைசியில் யோசித்தால் இந்தப் பக்கத்தில் பயணம் இரண்டாம் நாளே கலைந்துவிடும். எல்லை நெடுக ஆனைமலை, பரம்பிக்குளம், சின்னார், இரவிகுளம் என்று பாதுகாக்கப்பட்ட காடுகள். எதிலும் நாயை இறக்க முடியாது. ஆகவே முதலில் நாய் நடக்கக்கூடிய இடமும் நேரமும், அடுத்து வேன் இரவு நிற்கும் இடம், கடைசியாக மிச்சமிருக்கும் வட்டத்துக்குள் அகப்படும் பெட்டிகள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2000 மே 2-ஆம் தேதி அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. மறுநாளே ஒரேகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) இணையத்தில் போட்டார். அன்றிலிருந்து உலகெங்கும் ஒளித்த பெட்டியைத் தேடி, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, இருந்தபடியே திரும்ப வைப்பதுதான் ஆட்டம்.

எந்த மாதம்? மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். நாயோடு நினைக்கவே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் அட்டையும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சபரிமலைக் கூட்டம். மிஞ்சுவது ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. அப்போதும் பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வரும். வேனின் பக்கவாட்டுப் பந்தலை விரித்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்; கம்பி வளைந்து கீல் பிய்ந்துவிடும். வேனின் மூக்கைக் கிழக்குப் பார்த்து நிறுத்தினால் இரவில் ஆட்டம் குறையும்.

வழி. முதல் நாள் நீண்ட ஓட்டம் வேண்டாம். வேலந்தாவளம் வழியாகக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் போய்த் தங்குங்கள். சமதளம், தமிழ் பேசும் ஊர்கள். தோப்புக்காரரிடம் கேட்டால் ஓர் இரவு நிறுத்த இடம் கிடைப்பது எளிது. தென்னைக்கு அடியில் மட்டும் நிறுத்தக் கூடாது. காயும் மட்டையும் விழுந்தால் கூரையிலுள்ள சோலார் பேனலும் போகும், கீழே படுத்திருக்கும் நாயும் போகும். இரண்டாம் நாள் பாலக்காடு நகரம், ஹைதர் அலி 1766-இல் கட்டிய கோட்டைப் பக்கம். மூன்றாம் நாள் கொல்லங்கோடு வயல்வெளி. நான்காம் நாள் கோவிந்தாபுரம், பொள்ளாச்சி வழியாக உடுமலை. ஐந்தாம் நாள் காலை சின்னாரைக் கடந்து மறையூர். ஆறாம் நாள் மறையூர், காந்தளூர். ஏழாம் நாள் வந்த வழியே திரும்பலாம். நாளுக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாத திட்டம் இது, திரும்பும் நாள் தவிர. மழை மறைவில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மறையூரில் நாய்க்கு நல்ல குளிர்ச்சி. முனியறைகள் என்று அழைக்கும் பழைய கல் அறைகளைச் சுற்றி நடக்கவும் இடமுண்டு.

நெல்லியாம்பதியை ஆசைப்பட்டுச் சேர்க்காதீர்கள் என்றே சொல்வேன். போத்துண்டிக்கு மேலே சாலை காட்டுக்குள் போகிறது. எஸ்டேட்டில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. வால்பாறையும் அப்படியே. மலையில் எங்கே தங்கினாலும் நாயை இரவில் வேனுக்கு வெளியே கட்டிப்போடாதீர்கள், பத்து நிமிடம்கூட. கடைசியாகச் சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போவதை மாலை ஆறு மணிக்குள் முடியுங்கள்.

சின்னார்ச் சாலையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். செக்போஸ்ட்டில் வண்டிக்குள் நாய் இருப்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். நடுவில் நிறுத்துவது, இறக்குவது, ஜன்னலைத் திறந்து குரைக்க விடுவது எதுவும் கூடாது. திருப்பி அனுப்பினால் வாக்குவாதம் செய்யாமல் உடுமலையில் இரண்டு நாள் கழிக்க ஒரு மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும்.

நடக்கும் நேரம் காலை 7 முதல் 10, மாலை 4.30 முதல் 6. நாளுக்கு மூன்று பெட்டி போதும், நான்கு என்றால் அதிகம். ஒவ்வொன்றும் வேன் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். தரைக் கடினம் (5-க்கு எத்தனை என்று பெட்டிக்குத் தரும் மதிப்பு) 2.5-க்கு மேல் போனால் விட்டுவிடுங்கள். பெட்டிக்குரிய இணையப் பக்கத்தில் நாய்க்கு அனுமதி உண்டு என்ற குறி இருக்கிறதா என்று வடிகட்டிப் பாருங்கள். கடைசியாகக் கண்டெடுத்த தேதியும் முக்கியம். தொடர்ந்து மூன்று பதிவு ‘கிடைக்கவில்லை’ என்றிருந்தால் அதற்காக வழியை வளைக்காதீர்கள். ஒரு மழைக்காலம் போதும், ரப்பர் வளையம் இளகிய டப்பாவுக்குள் தாள் கூழாகிவிட. குரங்கு தூக்கிப் போவதும் உண்டு. நம் ஊரில் பெட்டிகள் குறைவு என்பதால் எர்த்கேஷ், விர்ச்சுவல் வகைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் பெட்டியே கிடையாது, இடத்தைப் பார்த்துக் கேள்விக்கு விடை எழுதினால் போதும். நாயும் பொறுமையாக உட்கார்ந்திருக்கும். அணைச்சுவர், ரயில் பாலம், தண்டவாளம் அருகே போனைப் பிடித்துக்கொண்டு சுற்றாதீர்கள். எல்லையில் அது உடனே சந்தேகத்தைக் கிளப்பும். போகிற போக்கில் நீங்களே ஒரு பெட்டியை ஒளித்துவிட்டு வரவும் முடியாது. பராமரிக்க ஆள் அருகில் இல்லாத பெட்டியை ஜியோகேஷிங் இணையதளம் ஏற்காது.

பலர் வழி தவறுவது ஆயங்களைத் தட்டச்சு செய்யும்போது. பெட்டிப் பக்கத்தில் 10° 45.800' என்று டிகிரியும் தசம நிமிடமுமாக இருக்கும். அதை மேப்பில் 10.45800 என்று போட்டுவிடுவார்கள். சரியான கணக்கு 45.8-ஐ 60-ஆல் வகுத்து 10.76333. அந்த ஒரு தவறில் வட தென் திசையில் மட்டும் 34 கிலோமீட்டர் தள்ளிப்போகும். பாலக்காட்டுக் கோட்டையைத் தேடிப் புறப்பட்டவரை நெல்லியாம்பதிக்கும் தெற்கே கொண்டுபோய் விடும். சரியாகப் போட்டபின் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வித்தியாசம் இரண்டு மீட்டருக்கும் குறைவு; அடர்ந்த மரத்தடியில் போனின் பிழையே பத்து மீட்டரைத் தாண்டும். அதனால் அம்புக்குறி ஐந்து மீட்டர் காட்டியதும் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்: இயல்பாக அடுக்காத கல், வேரிடுக்கில் சொருகிய பட்டை. கோவையோ பாலக்காடோ, சிக்னல் இருக்கும் ஊரிலேயே எல்லாவற்றையும் ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் சி:ஜியோ செயலியும் ஒரு ஆஃப்லைன் மேப்பும் போதும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டு நண்பர் கொடுத்தார் என்று கொண்டுபோகாதீர்கள்.

இப்போது இந்தப் பகுதிக்கே உரிய ஆபத்து. காட்டோர வயல்களில் பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய், கேரளப் பக்கம் பன்றிப் படக்கம். பழத்துக்குள்ளோ கொழுப்பு தடவிய உருண்டைக்குள்ளோ வெடிமருந்து இருக்கும், கடித்தால் வெடிக்கும். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை இறந்தது இப்படிப்பட்ட வெடியைக் கடித்துத்தான். ஜியோகேஷிங்கில் நாயை மோப்பம் பிடிக்கப் பழக்கியிருந்தால், ஒளித்துவைத்த எதையும் அது வாயில் எடுக்கும். இங்கே அந்தப் பழக்கமே வேண்டாம். வயல் வரப்பில் இரண்டு மீட்டர் கயிறு, அதுவும் கையில்; இழுத்தால் நீளும் வகை கூடாது. சுருக்குக் கம்பியும் மின்வேலியும் இதே வரப்புகளில்தான் இருக்கும். யானையைக் கண்ட நாய் குரைத்து ஓடும், யானை திரும்பினால் நாய் உங்களிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே யானையும் வரும். கயிறு அதற்கும் சேர்த்துத்தான்.

வேனுக்குள் நாயைப் பூட்டிவிட்டுப் பெட்டி தேடப் போகவே கூடாது. வெளியே 32 டிகிரி என்றால் மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்தில் 42, அரை மணியில் 50-ஐத் தாண்டும். ஜன்னலை இரண்டு விரல் இறக்கிவைப்பது பெரிய வித்தியாசம் செய்யாது. ஒருவர் தேடட்டும், இன்னொருவர் நிழலில் நாயோடு இருக்கட்டும். நாய் விடாமல் மூச்சிரைத்து, ஈறு செங்கல் நிறமாகி, தள்ளாடினால் சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறுங்கள். வெப்பமானியில் 39.5 வந்ததும் ஊற்றுவதை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். கேரளத்தில் கால்நடை மருத்துவமனைக்கு மிருகாசுபத்திரி என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். 20 கிலோ நாய்க்கு ஓய்வு நாளில் ஒரு லிட்டர் தண்ணீர் போதும். நடக்கும் நாளில் இரண்டு லிட்டர் வையுங்கள். ஓடைத் தண்ணீர் வேண்டாம்: எலிக்காய்ச்சல் ஒரு காரணம், மூக்குக்குள் ஏறும் அட்டை இன்னொன்று. உணவை மாற்றாதீர்கள், வீட்டில் தின்பதையே ஒன்பது நாளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நிழலை நாயும் வெயிலை சோலாரும் கேட்கும் சண்டைதான் வேனில் பெரியது. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி சுமார் 1,280 வாட்-மணி தரும். சிறிய ஃபிரிட்ஜ் நாளுக்கு 500, இரவு முழுக்க ஓடும் விசிறி 250, விளக்கும் போனும் 100, ஆக 850. ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும். கூரையில் 200 வாட் பேனல் நல்ல வெயிலில் 700 கொடுக்கும், மாமர நிழலில் கிட்டத்தட்ட ஒன்றும் கொடுக்காது. மடக்கும் பேனல் ஒன்றைப் பத்து மீட்டர் ஒயரோடு வெயிலில் போட்டு, வேனை நிழலில் நிறுத்துங்கள். எஞ்சினிலிருந்து 30 ஆம்பியரில் ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் வண்டியில் இருந்தால் இன்னும் நல்லது: இரண்டு மணி நேர ஓட்டத்தில் 60 ஆம்பியர்-மணி ஏறிவிடும், ஒரு நாள் தேவைக்குக் கொஞ்சம்தான் குறை. வாடகைக்கு எடுக்கும்போதே இது இருக்கிறதா என்று கேளுங்கள். சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். நாய் தூங்குவது அங்கேதான். கசிவு எச்சரிக்கைக் கருவி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும். கசிந்த வாயு வெளியேறத் தரையில் இருக்கும் ஓட்டையை நாய்ப் பாய் அடைத்துவிடாமல் பாருங்கள். வேனின் மொத்த உயரத்தை, பேனலையும் சேர்த்து அளந்து, ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டிவையுங்கள். பலாக் கிளையும் கேபிள் ஒயரும் தாழ்ந்து தொங்கும் ஊர்ச் சாலைகள் இவை.

காகிதம்: வாடகை வண்டி வெள்ளை எண்பலகையில் இருந்தால் எடுக்காதீர்கள், கேரளத்துக்குள் போகும் பெர்மிட்டின் நகல் வேண்டும். 7,500 கிலோவுக்குக் குறைந்த வண்டி என்றால் சாதாரண இலகு ரக உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நாயை ஏற்றலாம் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். ரேபிஸ் ஊசிச் சான்று ஒரு வருடத்துக்குள் போட்டதாக இருக்க வேண்டும்; முதல் தடவை போடுவதென்றால் கிளம்ப 21 நாளாவது முன்னால்.

உண்ணி மாத்திரையைப் புறப்பட ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். தினமும் இரவு காதுமடலின் உள்பக்கம், அக்குள், விரலிடுக்கு, வாலடி என்று விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி அகப்பட்டால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். திருகவோ எண்ணெய் வைக்கவோ வேண்டாம். வீடு திரும்பிய மூன்று வாரத்துக்குள் நாய் சாப்பாட்டை ஒதுக்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ மருத்துவரிடம் ‘மறையூர்ப் பக்கம் போய்வந்தது, உண்ணி இருந்தது’ என்று முதலிலேயே சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.