கேள்வி – பதில்: இல்லாத நாட்டுக்குத் தேசப்படம்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விசயம். கதைக்கோ விளையாட்டுக்கோ கற்பனை நாடொன்றின் தேசப்படம் வரைவது, அதில் பல மொழி பேசுகிற, பல வழக்கமுள்ள சனங்களை வைப்பது. ஆகவே இந்தப் பக்கங்கள் முழுவதும் அதற்கே.

கேள்வி: நான் எழுதும் தொடர்கதைக்கு ஐந்து இனத்தவர் வாழும் நாடொன்றை வரைந்து ஐந்து நிறம் தீட்டினேன். பார்த்தவர்கள் தேர்தல் முடிவுப் படம் மாதிரி இருக்கிறது என்று சிரிக்கிறார்கள். எங்கே பிழைத்தது?
(உயர்தர மாணவி, அக்கரைப்பற்று)

பதில்: நிறத்தில் பிழையில்லை தங்கச்சி, வரைந்த ஒழுங்கில்தான் பிழை. எல்லைக்கோட்டை முதலில் இழுத்துவிட்டு அதற்குள் சனத்தைக் குடியேற்றியிருக்கிறீர்கள். அப்படி வரைந்தால் ஐந்தென்ன, ஐம்பது இனம் வைத்தாலும் ஒவ்வொன்றும் தன் பெட்டிக்குள் கிடக்கும்.

உங்கள் ஊரில் மட்டக்களப்பு பஸ் ஏறி யன்னலோரம் இருங்கள். நிந்தவூர் தாண்டினால் காரைதீவு, பிறகு மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை. ஏறக்குறைய 10 கிலோமீற்றருக்குள் முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வருகின்றன, கல்முனையில் இரண்டும் கலக்கின்றன. 1 சென்ரிமீற்றருக்கு 5 கிலோமீற்றர் என்று வரைந்தால் இந்தக் கரை முழுவதும் 2 சென்ரிமீற்றர்தான். கலர் பென்சில் முனைக்கு அதில் ஒரு நிறம் தீட்டத்தான் இடமிருக்கும். ஊர்கள் கலந்திருப்பதை அளவுத்திட்டமே விழுங்கிவிடுகிறது. ஆகவே இரண்டு தாள் எடுங்கள். ஏ3 தாளில் சுற்றிவர 2 சென்ரிமீற்றர் விட்டால் 38க்கு 25.7 மிஞ்சும், 1 சென்ரிமீற்றருக்கு 5 கிலோமீற்றர் வீதம் 190க்கு 128 கிலோமீற்றர் நாடு அதில் அடங்கும். கதை நடக்கும் கரையை மட்டும் இரண்டாம் தாளில் 1 சென்ரிமீற்றருக்கு 500 மீற்றர் வீதம் வரையுங்கள். அந்த 10 கிலோமீற்றர் இப்போது 20 சென்ரிமீற்றர்.

பென்சிலில் முதலில் தண்ணீரைப் போடுங்கள்: மலை, அதிலிருந்து இறங்கும் ஆறு, களப்பு (கரையோரத்து வாவி). அடுத்தது காற்று. எந்த மாதம் எந்தப் பக்கத்தால் மழை வரும் என்று இரண்டு அம்புக்குறி போதும். தென்மேல் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இலங்கையின் கிழக்குக் கரையான நம் பக்கம் வெக்கையான கச்சான் காற்றாக இறங்குகிறது. நமக்கு மழை தருவது வடகீழ்க் காற்று. ஒரே மலைதான், ஆனால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விதைப்பு மாதம் வேறு, அறுவடை வேறு, அதனால் திருவிழா மாதமும் வேறாகும். கதைக்கு இரண்டு நாட்காட்டி கிடைத்துவிட்டது, இன்னும் ஒரு சனத்தைக்கூட வைக்கவில்லை.

பிறகு சோறு. ஒருவருக்கு வருடத்துக்கு 100 கிலோ அரிசி என்று வையுங்கள். நெல்லில் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகும், ஆக 150 கிலோ நெல் வேண்டும். உரமும் இயந்திரமும் இல்லாத நாட்டில் ஒரு ஏக்கர் ஒரு போகத்துக்கு 600 கிலோ தருமென்று எடுத்து, விதைநெல்லும் சேதமும் கழித்தால் 450. ஏக்கருக்கு மூன்று பேர். 10,000 பேர் உள்ள பட்டினத்துக்கு 3,300 ஏக்கருக்கு மேல், அதாவது 13 சதுர கிலோமீற்றருக்கு மேல் வயல் வேண்டும். முதல் தாளில் அது அரைச் சதுர சென்ரிமீற்றர். அந்த இடத்தை வட்டை (வயல்வெளி) என்று குறித்த பின்தான் பட்டினத்தை வையுங்கள். பாலைவன நடுவே ஒரு இலட்சம் பேர் கொண்ட கோட்டை நகரம் நிற்கிற படங்கள் விழுவது இந்தக் கணக்கில்தான்.

இனித்தான் முக்கியமான வேலை. கொப்பியில் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு சொல் எழுதுங்கள்: எது மிச்சம், எது இல்லை. கரையில் மீனும் கருவாடும் மிச்சம், நெல் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை மாதிரி உள்நாட்டில் நெல்லும் தயிரும் மிச்சம், புடைவை இல்லை. மருதமுனை மாதிரித் தறி ஓடும் ஊரில் புடைவை மிச்சம், வயல் போதாது. இல்லாத ஊரிலிருந்து இருக்கிற ஊருக்குக் கோடு இழுங்கள். மூன்று கோடு சந்திக்கும் இடம் சந்தை. மொழிகள் கலப்பதும், கடன்சொற்கள் பிறப்பதும், கலப்புக் கலியாணம் நடப்பதும் அங்கேதான். எல்லைக்கோடு தேவையானால் இதற்குப் பிறகு போடலாம். பெரும்பாலும் தேவைப்படாது.

சனத்தை நிறப்பூச்சாகக் காட்டாமல் புள்ளியாகக் காட்டுங்கள். 500 பேருக்கு ஒரு புள்ளி என்றால் 60,000 பேருக்கு 120 புள்ளி. 0.5 பேனையால் ஒரு மாலைப்பொழுதில் வைத்து முடிக்கலாம். இதிலும் ஒரு பிழை வரும். கலப்பு என்றவுடன் எல்லா நிறத்தையும் கடுகு தாளித்த மாதிரித் தெறிக்க விடுகிறார்கள். சனம் அப்படி இருப்பதில்லை. வழிபாட்டிடம், சொந்தபந்தம், பெண் கொடுத்து எடுக்கிற வட்டம் என்று ஒரு கூட்டம் கிட்டக் கிட்டத்தான் இருக்கும். கிராமத்தில் பெரும்பாலும் ஒரு நிறம், பெருவீதியில் மாறி மாறி, சந்தையில் எல்லாம் என்று வையுங்கள். போட்டோ கொப்பி எடுத்தால் நிறம் போய்விடும், ஆகவே வட்டம், முக்கோணம், சதுரம், பெருக்கல் என்று வடிவத்தையும் மாற்றுங்கள்.

வழக்கத்தை எழுத்தில் எழுதாமல் கோட்டில் காட்டவும் வழியுண்டு. நம் கரையில் தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியாரிடமும் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். 1 சென்ரிமீற்றருக்கு 20 மீற்றர் வீதம் ஒரு தெருவை வரைந்தால் தாயின் வளவு இரண்டாக, மூன்றாகப் பிரிந்து சகோதரிகளின் வீடுகள் வேலியோடு வேலியாக நிற்கும். ஆண்பிள்ளைக்கு வீடு போகிற நாட்டை வரைந்தால் அதே இடத்தில் அண்ணன் தம்பி வீடுகள். தெருவைப் பார்த்தே வாசகர் வித்தியாசத்தைப் பிடித்துவிடுவார்.

கேள்வி: என் படத்தில் நீர்நிலையொன்று இரண்டு இடத்தில் கடலில் விழுகிறது. ஏரிக்கு ஒரு வாய்தான் இருக்கலாம், இது பிழை என்கிறார் நண்பர். அழித்துவிடவா?
(வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: அழிறப்பரை வையுங்கள். நண்பர் சொல்வது மேட்டுநில ஏரிக்குச் சரி. ஏரி நிரம்பினால் மிகத் தாழ்ந்த விளிம்பால் வழியும், வழிய வழிய அந்த வாய் இன்னும் ஆழமாகும், மற்ற வாய்க்குத் தண்ணீர் போகாது. களப்பு கடல்மட்டத்தில் கிடப்பது. அலை கொண்டுவரும் மணல் வாயை அடைக்கும், மாரி வெள்ளம் உடைக்கும். நம் மட்டக்களப்பு வாவியே பாலமீன்மடுப் பக்கமும் கல்லாற்றுப் பக்கமுமாக இரண்டு இடத்தில் கடலைத் தொடுகிறது. வாய்க்குக் குறுக்கே புள்ளிக்கோடு போட்டு, ‘கோடையில் மூடும்’ என்று எழுதிவிடுங்கள். அதே இடத்தில் கதைக்கும் ஒரு சிக்கல் கிடைக்கும்: வெள்ளம் வயலில் ஏறும்போது வாயை வெட்டச் சொல்கிறவர் விவசாயி, உள்ளே மீன் நிற்கட்டும் என்பவர் வலைகாரர்.

ஆனால் கீழ்நோக்கி ஓடும் ஆறு நடுநாட்டில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கடலுக்குப் போவது மிக அரிது, ஆகவே தவிருங்கள். ஆறு பிரிவது பெரும்பாலும் கழிமுகத்தில்தான்.

கேள்வி: ஊர்ப்பெயர் வைக்க வரவில்லை. வைத்தால் ஒன்று சீரியல் பெயர் மாதிரி, இல்லாவிட்டால் வாயில் நுழையாத பெயர்.
(ஆசிரியை, ஏறாவூர்)

பதில்: முழுப் பெயரை யோசிக்காதீர்கள், முதலில் வால்களை யோசியுங்கள். மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம் இரண்டு மாவட்டத்தையே பாருங்கள்: குடி, சேனை, முனை, குடா, மடு, துறை, தீவு, வில், மடம். காத்தான்குடி, வாழைச்சேனை, கல்முனை, பாசிக்குடா, சம்மாந்துறை, பொத்துவில், ஓந்தாச்சிமடம். ஒரு மொழிக்கு எட்டு வால் போதும். ஒவ்வொன்றும் நிலத்தில் ஏதாவதொன்றைக் குறிக்க வேண்டும். தலைக்கு மரம், மீன், ஆள், நிறம். இரண்டாம் மொழிக்கு வேறு எட்டு வால். இரண்டு மொழியும் சந்திக்கும் இடத்தில் ஒன்றின் தலையும் மற்றதன் வாலும் ஒட்டட்டும்.

எல்லாப் பெயரும் பொருந்தி நிற்கவும் கூடாது. காரைதீவு இன்று தனித்தீவல்ல, பெயரில் மட்டும் தீவு நிற்கிறது. பத்துப் பெயருக்கு ஒன்று இப்படி நிலத்தோடு முரண்பட்டால் நாட்டுக்கு வயது கூடும். ஒரே இடத்துக்கு இரண்டு பெயரும் வேண்டும். பட்டிப்பளை ஆறும் கல் ஓயாவும் ஒரே ஆறுதானே. எந்தப் பெயர் பெரிய எழுத்தில், எது சிறியதில் என்பது படத்தை அந்த நாட்டுக்குள் யார் வரைந்தார் என்பதைப் பொறுத்தது. அந்த ஆள் யார் என்று முதலே தீர்மானியுங்கள்.

ஒரு கெட்ட பழக்கம்: நம்மாளுக்கு இனிய பெயர், எதிரிக்கு ‘க்ர’, ‘ட்ர’ என்று கடிக்கிற பெயர். பெயரைக் கேட்டே யார் கெட்டவர் என்று தெரிந்தால் அந்தச் சனத்துக்கு மொழி கொடுத்ததாகாது.

கேள்வி: வடக்கு மேலேதான் இருக்க வேண்டுமா?
(வாசகர், வாகரை)

பதில்: இல்லை. அரபுப் புவியியலாளர் அல்-இத்ரிசி 1154இல் முடித்த உலகப் படத்தில் தெற்கு மேலே இருக்கிறது. பசிபிக் கடலின் மார்ஷல் தீவு மாலுமிகள் ஈர்க்கையும் சோகியையும் கட்டி, அலை வளையும் விதத்தையே படமாக்கினார்கள். கிழக்குக் கரையை எழுவான்கரை, மேற்குக் கரையைப் படுவான்கரை என்று சூரியனை வைத்துத் திசை சொல்கிற சனத்துக்குக் கிழக்கை மேலே வைப்பது பொருத்தம். திசைகாட்டியில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பெயரையே எழுதலாம். கவனிக்க வேண்டியது மலை நிழல். வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து வருவதாகத்தான் கண் எடுத்துக்கொள்ளும். முடித்த படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மலை பள்ளமாகத் தெரியும். நிழலைப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

கேள்வி: காட்டுப் பகுதியில் என்ன வரைவதென்று தெரியாமல் மரக்குறியீட்டால் நிரப்பிவிட்டேன். சரியா?
(வாசகி, திருக்கோவில்)

பதில்: மரம் இருக்கட்டும், ஆளும் இருக்கட்டும். காட்டை வெற்றிடமாகக் காட்டுவது சின்ன விசயமல்ல. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வேறாகக் காட்டினாலொழிய காடும் தரிசும் முடிக்குச் சொந்தம் என்று வைத்தது. சேனை வெட்டியவர் (காட்டை வெட்டிப் பயிர் செய்தவர்), தேன் எடுத்தவர், மாடு மேய்த்தவர் கையில் காணி உறுதி இருக்கவில்லை. உங்கள் காட்டில் மூன்று வகைக் கோடு போடுங்கள்: தேனுக்குப் போகும் பாதை, வயல் விதைத்தபின் மாட்டுப்பட்டி ஏறும் பாதை, சேனை மாறும் வட்டம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாதத்தை எழுதுங்கள். வேடர் போன்ற உண்மையான சமூகத்தின் பெயரையும் சடங்கையும் அப்படியே தூக்கி வைக்காதீர்கள். பாதையும் மாதமும் போதும், சடங்கை நீங்களே ஆக்குங்கள்.

கேள்வி: தரம் 9 வகுப்பில் 30 பிள்ளைகள். இரண்டு இரட்டைப் பாடவேளையில் செய்யலாமா? என்ன வாங்க வேண்டும்?
(புவியியல் ஆசிரியர், சம்மாந்துறை)

பதில்: ஐந்து பேராக ஆறு குழு. குழுவுக்கு ஒரு பிரிஸ்டல் போட், ஒரு 2எச் பென்சில், 0.3, 0.5 நீர்புகா மைப் பேனை ஒவ்வொன்று, நான்கு கலர் பென்சில், ஒரு சுண்டு அரிசி. அரிசியைத் தாளில் கொட்டித் தட்டிப் பரப்பி விளிம்பைச் சுற்றிக் கோடு இழுத்தால் கரை கிடைக்கும். கிடைப்பது உருளைக்கிழங்கு மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே நெளிவாகத்தான் வரும், அதைத் திருத்த வேண்டும். மணற்கரை நம் கரை மாதிரி நீட்டுக்கு நேராக ஓடும், பாறைக்கரை முறிந்து முறிந்து போகும். ஒரு பக்கத்தை அடிமட்டம் வைத்தது போல் நேராக்கி அதன் பின்னால் களப்பைப் போடச் சொல்லுங்கள். முதல் நாள் தண்ணீர், காற்று, மிச்சம் – இல்லை அட்டவணை. அடுத்த நாள் சந்தை, புள்ளி, பெயர். வாட்டர் கலர் வேண்டாம், பிரிஸ்டல் போட் தண்ணீரை உறிஞ்சாது, நிறம் திட்டுத் திட்டாகக் காயும். வழிபாட்டிடக் குறியீடுகள் எல்லாம் ஒரே அளவில், 4 மில்லிமீற்றரில் இருக்கட்டும். பெரிதாக இருப்பது முக்கியம் என்றுதான் பிள்ளை வாசிக்கும்.

கேள்வி: கணினியில் வரைகிறேன். தமிழ்ப் பெயர்களில் கொம்பும் காலும் கழன்று போகின்றன.
(வாசகர், கல்முனை)

பதில்: ‘கோ’ கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்குள் ‘க’வும் ஓகாரக் குறியும். பழைய ஃபோட்டோஷொப்பில் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவைப் போடாவிட்டால் குறி இடம் மாறி நிற்கும். இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லை குறைவு. ஆங்கிலப் படங்களில் நாட்டின் பெயரை எழுத்தெழுத்தாக இழுத்துப் பரப்புவார்கள். தமிழில் அது சரிவராது, புள்ளி வைத்த எழுத்துகள் தனித்து நின்று சொல் உடைந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்கி வளைகோட்டில் ஓட்டுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் எழுத்தளவு 8 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம், ண, னவின் சுழிகள் அடைபடும். ஏ3 அச்சுக்குப் படத்தின் அளவு அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 4961க்கு 3508 பிக்சல்.

பாமினியில் தட்டாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பெயரெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றி அனுப்புங்கள். மாற்றியபின் பெயரைத் திருத்த முடியாது, ஆகவே மாற்றாத பிரதியொன்றை வேறு பெயரில் முதலே சேமித்து வையுங்கள்.