உடைந்துபோன பழைய மிக்ஸி கப்ளரைச் செய்து வாங்க முடியுமா?

'அம்மாவின் முப்பத்தைந்து வருட மிக்ஸியில் மோட்டார் கப்ளர் உடைந்துவிட்டது. அந்த மாடலுக்கு இப்போது எதுவும் வருவதில்லை என்கிறார்கள். செய்து வாங்கலாமா, மிக்ஸியையே போட்டுவிட வேண்டியதுதானா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

போட வேண்டாம். கப்ளர் என்பது மோட்டாரின் சுழற்சியை ஜாருக்குக் கடத்தும், பல் வைத்த சின்னப் பாகம்தான். குன்னூரில் எங்கள் வீட்டில், நான் வார்த்த கப்ளரில்தான் மூன்று வருடமாகச் சட்னி அரைபடுகிறது. எங்கள் மலை ரயிலின் பழைய ஸ்விஸ் எஞ்சினுக்கு எந்தக் கடையில் சாமான் விற்கிறது? திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் அதே மாதிரிப் புது எஞ்சினையே செய்து அனுப்பினார்கள். ஒரு கப்ளர் முடியாதா?

ஆனால் முதல் தடவை நான் செய்தது தவறு. எங்களுடையது ஆறு பல் ரப்பர் கப்ளர், இரண்டு பல் பிய்ந்துவிட்டது. மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் என்று கீழே இறங்கித் தேடியும் அளவு ஒத்து வரவில்லை. கடைசியில் ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து, பல் ராவித் தந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. பத்தே நாளில் ஜாரின் அடிக் கப்ளர் மழுங்கி, பிளேடு புஷ்ஷும் ஆட ஆரம்பித்தது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தம்பி, ரப்பர்ல வச்சவன் காசை மிச்சம் பிடிக்க வைக்கலப்பா. மஞ்சள் கிழங்கு சிக்கினா ஏதாவது ஒண்ணு உடைஞ்சுதான் ஆகணும். சின்ன சாமான் உடையட்டும், மோட்டார் பிழைக்கட்டும்னு வச்சிருக்கான்" என்றார்.

அளவை எல்லாம் எடுத்த நான் அதை யோசிக்கவே இல்லை. உங்கள் பாகம் ரப்பரோ நைலானோ, அதே மாதிரி மென்மையான பொருளில்தான் செய்ய வேண்டும். குக்கரின் பாதுகாப்பு வால்வும் இதே வகைதான். தண்ணீர் வற்றிச் சூடு ஏறினால் முதலில் உருகட்டும் என்றே அதில் சீக்கிரம் உருகும் உலோகம் வைத்திருக்கிறார்கள். அதை மட்டும் யாரும் வீட்டில் செய்து மாட்டக் கூடாது.

சரி, செய்த விதம். கப்ளர் நடுவில் இருக்கும் இரும்பு நட்டு உங்களுக்குப் பொக்கிஷம், எறிந்துவிடாதீர்கள். எங்களுடையது இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழன்றது. மோட்டார் சுற்றச் சுற்ற இறுக வேண்டும் என்பதற்காக அப்படி. பிய்ந்த பற்களை எபாக்ஸி புட்டியால் கட்டி, நல்ல பல்லின் அளவுக்கு ராவினேன். வெர்னியர் அளவுகோலைப் பல்லின் அடியில், ஜார் தொடாத இடத்தில் வைத்து அளவெடுங்கள். தேய்ந்த இடத்தை அளந்தால் தேய்ந்த கப்ளர்தான் பிறக்கும். பல் கட்டிய கப்ளரின் மேல் சிலிக்கோன் ஊற்றினால் வார்ப்பு அச்சு கிடைத்துவிடும். அப்புறம் நட்டிலிருந்த பழைய ரப்பரைச் சுத்தமாகச் சுரண்டி, எமரித் தாளால் தேய்த்து அச்சின் நடுவில் நிறுத்தி, பாலியூரித்தேன் ஊற்றினேன். ரப்பரின் கெட்டியைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 80 உள்ளதை வாங்கினேன், லாரி டயரைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும்.

மலையில் இருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். பாலியூரித்தேனில் கலக்கும் ஐசோசயனேட்டில் ஈரம் பட்டால் கரியமில வாயு கிளம்பும். நான் முதலில் ஊற்றியது அக்டோபர் மாதம், வாசல் வரை மேகம். வெளியே எடுத்தால் ஆப்பம் மாதிரி உடம்பெல்லாம் பொத்தல். பிப்ரவரியில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து, அச்சை அடுப்பங்கரைச் சூட்டில் உலர்த்திவிட்டு ஊற்றியதுதான் இப்போது ஓடுகிறது. ஐசோசயனேட்டின் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல். கையுறை போட்டு, திறந்த வராந்தாவில் செய்யுங்கள். சமையலறையில் வேண்டவே வேண்டாம்.

3டி பிரிண்ட் செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். சாதாரண பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிச் சூட்டிலேயே இளகிவிடும், மோட்டார் பக்கத்தில் நிற்காது. சுவிட்ச் குமிழ் மாதிரி சூடு படாத பாகத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எஸ்டேட் பங்களா ஏலத்தில் வந்த இங்கிலாந்து மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பி.ஏ. என்கிற பழைய பிரிட்டிஷ் அளவு மரை இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மரைப் பல்லின் கோணம் 47.5 டிகிரி, நம் கடை ஸ்க்ரூவுக்கு 60. 2 பி.ஏ. ஓட்டைக்கு 4.7 மில்லிமீட்டர் ஸ்க்ரூ வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று 5 மில்லிமீட்டரைத் திணித்தால் மரை போய்விடும், அப்புறம் அந்த மெஷின் உடம்பை மீட்பது பெரும்பாடு.

அச்சை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். போன மாதம் வெலிங்டனில் ஒரு அக்காவின் மிக்ஸிக்கு அதிலேயே இன்னொன்று வார்த்துக் கொடுத்தேன். உங்களுடையதும் ஆறு பல், இடது மரை என்றால் வெளி விட்டத்தை அளந்து, நட்டின் படத்தோடு கீழே போடுங்கள். பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன்.