பெரிய கிராஃபுக்குள் சின்ன வடிவம் தேடுவது: கேள்வி பதில்

கேள்வி: நெட்வொர்க்எக்ஸில் (கிராஃப்களை, அதாவது முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட வலைகளை, கையாளும் பைத்தான் நூலகம்) சதுர வடிவத்தைத் தேடுகிறேன். படத்தில் கண்ணுக்குத் தெரிகிறது, நிரலோ இல்லை என்கிறது.

பதில்: சதுரத்தின் குறுக்கே ஒரு விளிம்பு ஓடுகிறதா பாருங்கள். 1-2-3-4 சதுரத்தோடு 1-3 விளிம்பும் இருந்தால், சப்கிராஃப் ஐசோமார்ஃபிக் சோதனை இல்லை என்றுதான் சொல்லும். அது தேடுவது தூண்டப்பட்ட துணை கிராஃபை, அதாவது சில முனைகளையும் அவற்றுக்கிடையே உள்ள எல்லா விளிம்புகளையும் சேர்த்து எடுத்ததை. வடிவத்தில் இல்லாத விளிம்பு அங்கேயும் இருக்கக் கூடாது. கூடுதல் விளிம்பு பரவாயில்லை என்றால் மோனோமார்ஃபிக் சோதனையைக் கூப்பிடுங்கள். எது வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: முக்கோணங்கள் ஆறு மடங்காக வருகின்றன.

பதில்: ஒரே முக்கோணத்தை 6 விதமாகப் பொருத்தலாம். 6ஆல் வகுங்கள். சதுரத்துக்கு 8.

கேள்வி: கிராஃபை அழகாக வரைய எது நல்லது?

பதில்: என் துறை இல்லை. காட்சிப்படுத்தல் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: கணினி அறிவியலர் பாபாய் 2015இல் கிராஃப்களை ஒப்பிட வேகமான முறை தந்துவிட்டாரே, வடிவம் தேடுவதை இன்னும் ஏன் என்பி-முழுமை (எப்போதும் வேகமாகத் தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாத வகை) என்கிறார்கள்?

பதில்: அவர் எடுத்துக்கொண்டது இரண்டு முழு கிராஃப்கள் ஒன்றுதானா என்ற கேள்வி. ஒன்றுக்குள் இன்னொன்று இருக்கிறதா என்பது வேறு. கிளிக் (எல்லா முனைகளும் ஒன்றோடொன்று இணைந்த கூட்டம்) தேடுவதும் ஹாமில்டன் சுற்று (எல்லா முனைகளையும் ஒருமுறை மட்டும் தொட்டுத் திரும்பும் பாதை) தேடுவதும் அதற்குள்ளேயே அடக்கம்; அவையே என்பி-முழுமை.

கேள்வி (அதே நண்பர்): துணை கிராஃப்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர் முறையில் சோதித்தால்?

பதில்: 1000 முனைகளில் 10ஐத் தேர்ந்தெடுக்க சுமார் 2.6 × 10²³ வழிகள் உண்டு. பத்து முனையை ஒப்பிடுவது நொடியில் முடியும், தேர்வுகள்தான் முடியாது. நல்ல தேடல் அவற்றைத் தொடாமலே கழித்துவிடும். உல்மன் 1976இல் தந்த தேடல் முறை செய்ததும், 2004இல் வந்த விஎஃப்2 என்ற முறை செய்வதும் அதுதான். முனைகளுக்கு லேபிள் (வகைப் பெயர்) இருந்தால், அரிதான லேபிள் உள்ள முனையில் தொடங்குங்கள், பாதி வேலை குறையும்.

கேள்வி: என் சதுரமும் கிடைக்கவில்லை.

பதில்: குறுக்கு விளிம்பு. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 8 முனைகள் கொண்ட பாதை வேண்டும். பெரிய கிராஃப்.

பதில்: இதற்கு அலான், யஸ்டர், ஸ்விக் 1995இல் தந்த நிறமிடும் முறை அருமையானது. ஒவ்வொரு முனைக்கும் 8 நிறங்களில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள். அப்புறம் எல்லா நிறமும் ஒருமுறை மட்டும் வரும் பாதையைத் தேடுங்கள். எந்தெந்த முனை வழியே வந்தோம் என்று நினைவு வைக்க வேண்டாம், எந்தெந்த நிறம் என்பது போதும். நிறக் கூட்டங்கள் 256தான்.

கேள்வி: கிடைக்காவிட்டால் பாதை இல்லை என்று சொல்லலாமா?

பதில்: ஒரே தடவையில் கூடாது. பாதை ஒன்றே ஒன்று இருந்தால், ஒரு தடவையில் சிக்கும் வாய்ப்பு 8!/8⁸, அதாவது 0.24 சதவீதம். 2000 தடவை புதிதாக நிறமிட்டால் தவறவிடும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே போகும்.