மின்னழுத்தம் குறைந்தால் சிகிச்சை குறையுமா?

கேள்வி: பார்க்கின்சன் நோய்க்காக என் தந்தையின் மார்புத் தோலுக்கடியில் நரம்புத் தூண்டல் கருவி பொருத்தியிருக்கிறார்கள். பேட்டரியைச் சேமிக்க இத்தகைய கருவிகள் உள்ளே மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்கிறார்களே, அதனால் சிகிச்சை பலவீனமாகாதா?

பதில்: மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்கும் வகைக் கருவியானால், ஆகாது. அதில் மருத்துவர் நிர்ணயிப்பது மின்னோட்டத்தின் அளவையே. அந்த ஓட்டத்தைத் திசுவின் மின்தடையைத் தாண்டிச் செலுத்தும் அளவுக்கு மின்னழுத்தம் இருந்தால் போதுமானது. 1,000 ஓம் தடையின் வழியே 3 மில்லி ஆம்பியர் செல்வதற்கு 3 வோல்ட் வேண்டும். சுற்றுக்கு 10 வோல்ட் கொடுத்தால், மீதி 7 வோல்ட்டுக்குரிய ஆற்றல் கருவி அனுப்பும் ஒவ்வொரு மின்துடிப்பிலும் கருவிக்குள்ளேயே வெப்பமாக வீணாகிறது, 3.5 வோல்ட் கொடுத்தாலோ, வீணாவது கொடுத்த ஆற்றலில் ஏழில் ஒரு பங்குதான்.

அப்படியானால் 3.5 வோல்ட்டிலேயே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் மூளைக்குள் ஓட்டத்தைச் செலுத்தும் மின்முனையைச் சுற்றித் திசு வளர்ந்து தடை மாறுவதால், அன்று போதுமாக இருந்த மின்னழுத்தம் பின்னர் போதாமல் போய், ஓட்டமே குறைந்துவிடக்கூடும். உண்மையில் அஞ்ச வேண்டியது இதைத்தான். ஆகவே நல்ல வடிவமைப்பு, துடிப்பின்போது எவ்வளவு மின்னழுத்தம் எஞ்சுகிறது என்பதை அளந்து, தேவைக்குச் சற்று மேலாகவே வழங்கலை ஏற்றி இறக்குகிறது. மறுமின்னேற்றம் செய்ய இயலாத பேட்டரி தீர்ந்தால் மீண்டும் அறுவைதான் என்பதால், இந்தச் சிக்கனம் உங்கள் தந்தைக்கு மிக முக்கியமானது.